ஒரிஜினல் கம்பளம்

ஆஷிகாவின் சீர் மெத்தையை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். மாமியார் அமிர்தவல்லி கேனைச் சாய்த்துப் பெட்ரோல் ஊற்ற, மாமனார் சத்தியநேசன் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டார். ராஜபாளையத்தில் அந்தத் தெரு எத்தனையோ சீர்வரிசை வந்து இறங்கிப் பார்த்திருக்கிறது, எரிந்து பார்த்ததில்லை. வேடிக்கைக்கு ஆள் குறைச்சலா என்ன? பால் வாங்கப் போனவர்கள்கூடத் தூக்குவாளியோடு நின்றுவிட்டார்கள். சத்தியநேசன் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மெத்தை எரிந்து முடிகிறவரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லையில் ஒரு முகாமையே பிடித்துவிட்ட தோரணையில் விறைப்பாக நின்றார்.

மெத்தை மேல் இருந்த குற்றம், அதில் மூட்டைப்பூச்சி இருந்தது என்பது.

ஆஷிகாவுக்குக் கல்யாணமாகி இன்னும் தாலி மினுமினுப்புக்கூடப் போகவில்லை. புருசன் ஜெபினும் ராணுவம்தான். அஸ்ஸாம் பக்கம் இருக்கிறான், குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். அதுவரைக்கும் அவள் மாமனார் வீட்டில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவள் அம்மா கட்டிலும் மெத்தையும் சீராக அனுப்பியிருந்தாள். கடையில் ரெடிமேடாக வாங்கினால் பழைய பஞ்சைத் திணித்துவிடுவார்கள் என்று, நல்ல இலவம்பஞ்சாகப் பார்த்து வாங்கி, ஆளை வீட்டுக்கே வரவழைத்து, அம்மாவும் தங்கச்சி எலினாவும் காவலுக்கு உட்கார்ந்து அடைத்த மெத்தை. மூக்கில் பஞ்சு ஏறி எலினா இரண்டு நாள் தும்மிக்கொண்டு கிடந்தாள். அது எரியும்போது ஆஷிகா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் மெத்தைக்குக் கிடைக்காத மரியாதை ஒரு கம்பளத்துக்குக் கிடைத்தது. ஹால் நடுவில் சிவப்பும் பச்சையுமாகப் பூப்போட்டு விரித்துக் கிடக்கும். ஸ்ரீநகரில் இருந்தபோது சத்தியநேசன் வாங்கி, ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்ததாம். ராஜபாளையத்து வெயிலுக்கு அவனவன் வெறுந்தரையில் தண்ணீர் தெளித்துப் படுக்கிறான். இவர் கம்பளியை விரித்துவிட்டு, மேலே காத்தாடியை முழு வேகத்தில் விட்டு, ஓரத்தில் நாற்காலி போட்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதன் மேல் கால் படக் கூடாது, துடைப்பம் படக் கூடாது, தூக்கி உதறவே கூடாது. ஒரு பக்கத்தை இரும்புச் சோபாவைப் போட்டு அமுக்கி வைத்திருந்தார், யாராவது உருவிக்கொண்டு போய்விட்டால்? வருகிறவர்கள் சுவரோடு சுவராக நண்டு நடை நடந்து பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்த பிறகு கம்பளத்தின் கதையை முழுசாகக் கேட்க வேண்டும். காப்பி அதற்கு அப்புறம்தான்.

கதையைக் கேட்டு மயங்காத ஆள் ஒருத்தர் உண்டு. பக்கத்து வீட்டு நவநீதகிருஷ்ணன். ராஜுக்கள், வீட்டில் தெலுங்கு. நூல் மில்லில் சூப்பர்வைசராகக் காலம் தள்ளியவர், உயரமான வெள்ளை நாய் ஒன்றை வளர்க்கிறவர். கம்பளத்தை முதல் தடவை பார்த்த அன்றைக்கே குனிந்து, கண்ணைச் சுருக்கி, "ஏமண்டி சுபேதார், நைலான் மாதிரில்ல தெரியுது" என்று சொல்லிவிட்டார். விளையாட்டுக்குச் சொன்னாரோ, விவரத்தோடு சொன்னாரோ தெரியாது. சத்தியநேசன் அன்றிலிருந்து அவரை மன்னிக்கவில்லை. மன்னிக்காத ஆளைத்தான் தினமும் காம்பவுண்டுக்கு மேலாகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார், அது வேறு விஷயம்.

அரிப்பு முதலில் அமிர்தவல்லிக்குத்தான் வந்தது. முழங்கை, கழுத்து, முதுகு என்று சிவப்புச் சிவப்பாகத் தடித்துக்கொண்டது. சொறிந்து சொறிந்து அந்தம்மாவுக்கு ஜெபம் பண்ணக்கூடக் கை ஒழியவில்லை. சத்தியநேசன் நேராக மருமகள் அறைக்குள் நுழைந்து தேடுதல் வேட்டை நடத்தினார். ஜன்னல் கட்டையில் ஒரு பூச்சி அகப்பட்டது. உருண்டையாக, மிளகில் பாதிகூட இல்லாமல், முதுகில் வெள்ளையும் பழுப்புமாகப் புள்ளி வைத்த சின்ன வண்டு. கட்டைவிரலால் ஒரே அழுத்து. மூட்டைதான், ராணுவப் பாரக்கில் இதுபோல் ஆயிரம் பார்த்தாயிற்று என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். கண்ணாடி போட்டுப் பார்த்தாரா? மாட்டார். போட்டால் வயசாகிவிட்டது என்று ஊர் நினைத்துவிடுமே.

ஆஷிகா விலங்கியல் படித்தவள். அந்த வீட்டில் அதற்குத் தவளை அறுக்கிற படிப்பு என்று பேர். மூட்டைப்பூச்சி தட்டையாக இருக்கும், அதற்குச் சிறகு கிடையாது, வெளிச்சத்தைக் கண்டால் இடுக்கில் போய் ஒளியும், இப்படி ஜன்னலில் வந்து காற்று வாங்காது என்று எடுத்துச் சொன்னாள். நசுக்கினால் ரத்தம் வர வேண்டுமே, எங்கே என்று கேட்டாள். அந்த மெத்தையில் தினமும் புரளுகிற தன் உடம்பில் ஒரு தடிப்புக்கூட இல்லையே என்று கையை நீட்டிக் காட்டினாள். அதற்கும் அமிர்தவல்லியிடம் பதில் இருந்தது. உங்க ஊர்ப் பூச்சிக்கு உங்க ரத்தம் பழகிப்போயிருக்கும் என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த பால்கோவாவை டப்பா டப்பாவாக வழித்துத் தின்ற வாய்தான் அது. விசாரணை முடிந்தது, பெட்ரோல் வந்தது.

மெத்தை போனால் போகட்டும் என்று அவள் மனசைத் தேற்றியிருப்பாள். ஆனால் எலினா இருந்தாளே. சுந்தரபாண்டியத்தில் அவளுக்குச் சம்பந்தம் பேசி, நிச்சயத்துக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. மாப்பிள்ளை அலெக்ஸ் போலீஸில் இருக்கிறான். இரண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துப்போய்விட்டது. எலினா இப்போதே சுந்தரபாண்டியம் பஸ் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறாள். அலெக்ஸின் அம்மாதான் சுத்தக்காரி. யார் வீட்டில் டம்ளர் நீட்டினாலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். மெத்தை எரிந்த புகை அந்தம்மா மூக்குக்குப் போய்ச் சேர எம்புட்டு நேரம் ஆகும்? மறுநாளே ஆஷிகாவின் அம்மாவுக்குப் போன் வந்துவிட்டது. பூச்சி அடைஞ்ச வீட்டில் பெண் எடுப்பதென்றால் செத்த யோசித்துத்தான் சொல்ல முடியும் என்றார்களாம். யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்பது சம்பந்தம் பேசிய எல்லாருக்கும் தெரியும். அம்மா போனில் விக்கி விக்கி அழுதாள். எலினா போனை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டாள். ஆஷிகாவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது, அதுவும் தலைக்கு மேல்.

மெத்தை சாம்பலான பொறவும் அமிர்தவல்லியின் அரிப்பு நிற்கவில்லை. கழுத்திலிருந்து கன்னத்துக்கு ஏறியது. ஒரு மத்தியானம் சத்தியநேசன் டிரெஷரி வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தார். தண்ணீர் குடிக்க ஹாலுக்கு வந்த ஆஷிகா அப்படியே நின்றுவிட்டாள். கம்பளத்தில் கன்னம் புதைய, வாய் பிளந்து, குறட்டையோடு மாமியார் தூங்கிக்கொண்டிருந்தாள். கால் படக் கூடாத கம்பளத்தில் முழு உடம்பும் படுத்திருந்தது. புருசன் தலை தெருமுனையில் மறைந்ததும் அந்தம்மாவுக்குத் தினமும் அதுதான் கட்டில் என்பது பிற்பாடு தெரிந்தது.

மாமியார் எழுந்து கொல்லைப்பக்கம் போன நேரத்தில் ஆஷிகா சோபாவைத் தள்ளிவிட்டுக் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினாள். அடியில் வட்ட வட்டமாக வழுக்கை விழுந்திருந்தது. வழுக்கை ஓரமெல்லாம் புழு. அரிசிமணியைவிடக் குட்டை, உடம்பில் பழுப்பு வரி, மேலெல்லாம் குச்சி குச்சியாய் மயிர், வால் பக்கத்தில் ஒரு குஞ்சம். தொட்டதும் குஞ்சத்தை விரித்துக்கொண்டு நின்றது, என்ன ரோஷம்! பக்கத்தில் அவை கழற்றிப் போட்ட சட்டைகள் உமி போல் கிடந்தன. சோபா காலடியில் பக்கத்து வீட்டு நாயின் வெள்ளை முடி உருண்டு கிடந்தது, அதையும் விட்டுவைக்கவில்லை. போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கம்பள வண்டின் புழு. கம்பளி, பட்டு, முடி, இறகு என்று உயிரின் மேல் வளர்ந்தது எதுவானாலும் தின்னும். யாரும் அசைக்காத இருட்டு கிடைத்தால் வருசக்கணக்காகக் குடும்பம் நடத்தும். வளர்ந்து வண்டானதும் வெளிச்சத்தைத் தேடி ஜன்னலுக்குப் போகும், அங்கிருந்து பூவுக்குப் போகும். மாமா நசுக்கியது அதைத்தான். அது யாரையும் கடிப்பதும் இல்லை, ரத்தம் குடிப்பதும் இல்லை. அந்த மயிர் தோலில் பட்டால் சிலருக்குத் தடிக்கும், அவ்வளவுதான். இலவம்பஞ்சு மரத்தில் விளைகிறது, அந்தப் பக்கம் அது தலைவைத்துக்கூடப் படுக்காது. மெத்தை ஒரு பாவமும் அறியாது.

புழுக்களை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மாமியாரிடம் காட்டினாள். அமிர்தவல்லிக்கு விஷயம் புரிந்துவிட்டது, முகம் செத்துவிட்டது. ஆனால் அந்தம்மா பதறியது மெத்தைக்காக இல்லை. கம்பளத்தில் படுத்தேன்னு அவிய காதில் விழுந்தால் என்னை உயிரோடு வைக்க மாட்டாக, வெளியே விடாதட்டி என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியென்றால் அலெக்ஸ் வீட்டுக்கு உண்மையைச் சொல்லுங்கள் என்று ஆஷிகா கேட்டாள். அந்தம்மா கையை விட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் சத்தியநேசனிடம் பாட்டில் போனது. கண்ணாடி இல்லாமல், கையை எட்ட நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சிக் குஞ்சு என்றார். காஷ்மீரத்துக் குளிரையே தாங்கிய கம்பளத்தில் பூச்சியாவது, புழுவாவது! முருங்கை மரம் இருந்தது நவநீதகிருஷ்ணன் வீட்டில். காம்பவுண்டுக்குப் போய், மரத்தை வெட்டுங்கள், உங்கள் பூச்சி என் வீட்டுக்குள் வருகிறது என்று சத்தம் போட்டார். முதலில் உங்க நைலானைத் தூக்கி வெளியே போடுங்க என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. நைலான் என்ற சொல்லைக் கேட்டதும் சத்தியநேசனுக்கு முருங்கையும் மறந்தது, பூச்சியும் மறந்தது, நரம்பு புடைக்கக் கம்பளத்துக்காக வாதாட ஆரம்பித்துவிட்டார். பின்னால் பாட்டிலோடு நின்ற ஆஷிகா அதைக் கவனித்தாள். இவரிடம் உண்மையைச் சொல்லிப் பிரயோஜனமில்லை, இவர் வாயாலேயேதான் வர வேண்டும் என்று அப்போது முடிவுகட்டினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஜெபக்கூட்டம். வீடு சுத்தமானதற்கு நன்றியாக சத்தியநேசன் சாட்சி சொல்லப் போகிறார் என்று சபையில் அறிவித்தாகிவிட்டது. சுந்தரபாண்டியத்திலிருந்து அலெக்ஸின் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லப் போகிற சம்பந்தத்துக்குக் கையில் நாலு காரணம் இருந்தால் நல்லதுதானே. ஆஷிகாவும் ஒருவரை அழைத்திருந்தாள். உங்களுக்குக் காப்பி நானே போட்டுத் தருகிறேன் என்று நவநீதகிருஷ்ணனைக் காம்பவுண்டுக்கு மேலாகக் கூப்பிட்டிருந்தாள். அன்று ஒரு நாள் மட்டும் கம்பளத்தில் பெரியவர்கள் உட்காரலாம் என்று சத்தியநேசன் பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தார். பாஸ்டர் ஐயா, சபை மூப்பர்கள், அலெக்ஸின் அம்மா எல்லாரும் உட்கார்ந்தார்கள். அமிர்தவல்லி மட்டும் சுவரோரமாக நின்றுகொண்டாள்.

பாட்டும் ஜெபமும் முடிந்து சத்தியநேசன் எழுந்தார். சாட்சி என்று சொல்லிக்கொண்டு போர்க்கதை சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சீரோடு சீராக எதிரி உள்ளே வந்ததையும், அதை அவர் ஜன்னலில் மறித்ததையும் விவரித்தார். பூச்சி பிடித்த சாமானை வீட்டில் வைத்திருப்பது பாவம், யார் வீட்டுச் சாமானாக இருந்தாலும் ஈவிரக்கம் பார்க்காமல் எரிக்க வேண்டும் என்று முடித்தார். அலெக்ஸின் அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இடது கை முதுகுப் பக்கம் போய்ச் சொறிந்துகொண்டிருந்தது.

ஆஷிகா காப்பித் தட்டை வைத்துவிட்டுப் பாட்டிலை எடுத்து வந்தாள். குரலைப் பணிவாக வைத்துக்கொண்டாள்.

"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா வீட்டுல இப்ப இந்தப் புழு கெடக்கு. இது அசல் கம்பளியிலதான் பிழைக்கும், நைலான்ல தங்காது. நம்ம கம்பளம் நைலான்தானே, அதனால இதுல இருக்க வழியில்ல. எங்க இருந்து வந்துச்சுன்னுதான் எனக்குத் தெரியல."

"இத்தன வருசமா நான் சொன்னத இந்தப் புள்ள ஒத்த நாள்ல சொல்லிட்டா பாத்தீங்களா" என்று நவநீதகிருஷ்ணன் காப்பியை உறிஞ்சினார்.

சத்தியநேசன் முகத்தில் ரத்தம் ஏறியது. நைலானா, எதை யார் நைலான் என்றது என்று அவளிடம் பாய்ந்தார். ஆஷிகா தரையைப் பார்த்துக்கொண்டு, பிறகு எப்படி மாமா, ஒரிஜினலாக இருந்தால் புழு திங்காமல் விடுமா, இத்தனை வருசத்தில் ஒரு ஓட்டையாவது விழுந்திருக்காதா என்றாள். போதாதா அந்த மனுசனுக்கு! பெரியவர்களை எல்லாம் எழுப்பிவிட்டார். சோபாவை ஒரே தள்ளு. ஓரத்தைப் பிடித்து, இழுத்து, ஹால் நடுவில் கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டார். வழுக்கை வழுக்கையாகத் தெரிந்த பின்பக்கத்தில் புழுக்கள் ஊர்ந்தன. உமிச் சட்டைகள் காத்தாடிக் காற்றில் எழும்பிப் பாஸ்டர் ஐயாவின் வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தன. சத்தியநேசன் ஒரு புழுவை விரலில் ஏந்தி, நவநீதகிருஷ்ணன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாத்துக்கிடுங்க. எம் கம்பளம் பூராம் புழு. ஒரிஜினல் இல்லாட்டி இது திங்குமாய்யா?"

இம்புட்டுப் பெருமையாக யாரும் தன் வீட்டுப் புழுவைக் காட்டியிருக்க மாட்டார்கள். பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் முதுகைச் சொறிந்தார்கள். என்ன சொல்லிவிட்டோம் என்பது சத்தியநேசனுக்கு மெதுவாக உறைத்தது, கை தானாகக் கீழே இறங்கியது.

அலெக்ஸின் அம்மா சுவர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டு ஆஷிகாவிடம் கேட்டாள், அப்படியானால் மெத்தையில் இருந்தது எது என்று. ஒன்றும் இல்லை, இலவம்பஞ்சை இந்தப் புழு தொடாது, வண்டு இங்கிருந்துதான் ஜன்னலுக்கு வந்தது என்று ஆஷிகா சொன்னாள். அப்படியென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் பூச்சியே கிடையாதா என்று அந்தம்மா மறுபடியும் கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவர் சத்தியநேசன். அவர் கம்பளத்தைப் பார்த்தார், நவநீதகிருஷ்ணனைப் பார்த்தார். கிடையாது, பூச்சி எங்கள் வீட்டுப் பூச்சிதான் என்று சொல்லிவிட்டார். நைலான் என்று சொல்வதைவிட அது அவருக்கு லேசாக இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆஷிகா அத்தனை நாளும் காத்திருந்தாள்.

அலெக்ஸின் அம்மா அத்தோடு விடவில்லை, சுத்தக்காரி அல்லவா.

"அப்ப இதையும் எரிச்சிருவீகள்ல? யார் வீட்டுச் சாமானா இருந்தாலும்னு நீங்கதான இப்ப சாட்சி சொன்னீக."

பாஸ்டர் ஐயா, சொன்ன சாட்சி சொன்னதுதான் என்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். அமிர்தவல்லி உள்ளே போய் பெட்ரோல் கேனோடு வந்தாள். சத்தியநேசன் மருமகள் பக்கம் திரும்பினார். அந்த வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து அவர் அவளிடம் அப்படித் தணிந்து பேசியதே இல்லை.

"ஏம்மா, நீ படிச்ச புள்ள. எரிக்காம இதுக்கு வேற வழி ஒண்ணும் கெடையாதா?"

வழி இருந்தது. நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டு, தடியால் அடித்து, உதறி, இனிமேல் மாசம் ஒரு தடவை புரட்டிப் பெருக்கினாலே போதும். ராஜபாளையத்து வெயிலுக்கு எந்தப் புழுவும் தாங்காது. ஆஷிகாவுக்கு அது நன்றாகத் தெரியும். போனில் அம்மா அழுத சத்தமும் அவள் காதில் இருந்தது.

"மெத்தைக்கு என்ன வழி பாத்தோமோ, அதுதான் மாமா."

அதே இடத்தில், பழைய கரி மேலேயே கம்பளத்தைப் போட்டார்கள். மெத்தை குப்பென்று பிடித்த மாதிரி இது பிடிக்கவில்லை. பெட்ரோல் எரிந்து அடங்கியதும் கம்பளி கருகிச் சுருண்டு புகைந்தது, மறுபடியும் ஊற்ற வேண்டியிருந்தது. தலைமுடி கருகுகிற நாற்றம் தெரு முழுக்கப் பரவியது. சுந்தரபாண்டியத்தம்மா மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி நின்று, ஆஷிகாவின் அம்மாவிடம் நிச்சயதார்த்தத்துக்கு எந்தக் கிழமை தோது என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சத்தியநேசன் இந்தத் தடவை கையைப் பின்னால் கட்டவில்லை. புகைக்குள் முகத்தை நீட்டி ஆழமாக மூச்சை இழுத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"மோந்து பாருங்கய்யா" என்றார் நவநீதகிருஷ்ணனிடம். "நைலான்னா இந்த வாசன வருமா?"

"வராது சுபேதார். ஒரிஜினல்தான்" என்றார் நவநீதகிருஷ்ணன்.

சத்தியநேசன் சந்தோசமாகத் தலையை ஆட்டினார். ஆஷிகாவுக்கு அப்போது அவர் மேல் இரக்கம் வந்தது, உள்ளபடியே வந்தது. கம்பளம் பாதிதான் எரிந்திருந்தது, மீதியை வெயிலில் போட்டுக் காப்பாற்றியிருக்கலாம். ஆனாலும் மாமியார் கையிலிருந்து கேனை வாங்கி, மிச்சப் பெட்ரோலையும் அவளே ஊற்றினாள்.